டக் வைக்காத பாவாடை

சீர்காழியில் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள் நான். எந்தப் பிள்ளைக்குப் பாவாடை தைத்தாலும் அடியில் மடித்து டக் வைத்துவிடுவேன். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். என் மகள் நஸ்ரினுக்கு ஒன்றாம் வகுப்பு யூனிஃபார்ம் தைத்தபோது மட்டும் வைக்கவில்லை.

பிறவியிலேயே அவளுக்கு இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகல். தெருமுனை வரை நடந்தாலே உதடு நீலம் பாரித்துவிடும்.

அந்த வருடமே சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கம்பிவலைக் குழாயைக் காட்டினார். "இது பெரியவங்க பித்தக்குழாய்க்குன்னு செஞ்சதும்மா. குழந்தைங்களுக்குன்னு தனியா யாரும் செய்யலை. குறுகின இடத்துல இதைத்தான் வச்சு விரிக்கணும். ஆபத்தும் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

சவூதியில் இருந்த என் கணவரிடம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். "வேற எதுக்கோ செஞ்சதை நம்ம புள்ளைக்கு வைக்கிறதா? வேணாம்" என்றார்.

திரும்பி வந்து, "அவ அளவுக்குச் சின்னதா எதுவும் இல்லைங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"சின்னது வச்சா அப்புறம் பத்தாதும்மா. இதை இப்ப கொஞ்சமா விரிச்சு வைப்போம். பின்னால பலூன் விட்டு இன்னும் விரிச்சுக்கலாம். பொண்ணு வளருவா இல்ல?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் வளருவாள் என்று நான் நம்பவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கணவரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

மறுவருடம் அந்தப் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இறக்கிவிட அதில் துணி இல்லை.

"ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் டக் வைக்கிற. எனக்கு மட்டும் ஏம்மா வைக்கல?" என்றாள் நஸ்ரின்.

"மறந்துட்டேன்" என்றேன்.

இன்றுவரை அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.