கிராஃபில் விழாதவர்கள்

இணையதளங்களுக்கு யார் வருகிறார்கள், எதைப் படிக்கிறார்கள், எந்த இடத்தில் வெறுத்துப்போய் வெளியேறுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. மலாக்கா டவுனில் ஒரு கடை மாடியில் எங்கள் ஆபீஸ். ஆண்டு இறுதி வந்தால் சோசியக்காரர் வேலையும் சேர்ந்துகொள்ளும். அடுத்த ஆண்டு தளம் எப்படிப் போகும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஆரூடம் எழுதித் தர வேண்டும்.

போன டிசம்பரில் ஒரு கிளினிக்குக்கு எழுதினோம். மேனேஜர் அண்ணனின் ஆரூடம் இது: இனி யாரும் தளத்துக்கு வந்து படிக்கமாட்டார்கள், ஏஐ படித்துச் சுருக்கிச் சொல்லிவிடும், அதனால் ஆள் வராத பக்கங்களை இப்போதே தூக்கிவிடலாம். முதல் பலி தமிழ்ப் பக்கம். அதற்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெம்பானில் இருக்கும் என் அக்கா அந்தப் பக்கத்தைத் திறப்பாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கோயில் குரூப், மெர்லிமாவ் சொந்தக்காரர்கள் குரூப், பழைய தோட்டத்து ஆட்கள் குரூப் என்று எல்லாவற்றிலும் போட்டுவிடுவாள். எழுத்து சரியாகத் தெரியாதவர்களுக்கு வாய்ஸ் மெசேஜில் சுருக்கிச் சொல்வதும் உண்டு. ஏஐ அடுத்த ஆண்டு செய்யப்போகிறதாம். இவள் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறாள். எங்கள் கணக்கில் அவ்வளவு பேரும் சேர்ந்து ஒரே ஆள்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். சலித்துக்கொண்டார்.

"கிராஃப் பொய் சொல்லாதுலா, தங்கச்சி."

"பொய் சொல்லலண்ணே. அதுக்கு எங்கக்காவத் தெரியாது, அவ்ளோதான்."

ஆண்டு நடுவில் நடந்த கூத்தையும் நினைவுபடுத்தினேன். இலவச ரத்தப் பரிசோதனையின் தேதியை, தமிழ்ப் பக்கத்தில் மட்டும் தவறுதலாக ஒரு நாள் முந்திய தேதியாகப் போட்டுவிட்டார்கள். அந்தத் தவறான காலையில், வெறும் வயிற்றோடு வந்த நம் சனத்தின் மோட்டார்சைக்கிள்கள் கிளினிக் வாசலை அடைத்து நின்றன. யாரும் பார்க்காத பக்கம் என்றால் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டேன். அவருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. அவ்வளவு உறுதி என்றால் உன் பெயரிலேயே எழுதிக் கொடு, தப்பானால் உன்னைத்தான் கேட்பார்கள் என்றார்.

எழுதினேன். தமிழ்ப் பக்கம் இருக்க வேண்டும், படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எண்ணத்தான் எங்களுக்குத் தெரியவில்லை என்று என் பெயரைப் போட்டே எழுதினேன். பயமாக இல்லை; கோபம்தான் இருந்தது. கிளினிக்காரர்கள் ஓர் ஆண்டு தவணை கொடுத்தார்கள். அதற்குள் எண்ணிக்கை ஏறாவிட்டால் பக்கத்தை எடுத்துவிடுவார்கள்.

அன்று மாலையே அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். இனிமேல் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், லிங்க்கை அனுப்பு, எல்லாரும் அவரவர் போனில் திறக்கட்டும், இல்லாவிட்டால் தமிழ்ப் பக்கம் போய்விடும் என்று விளக்கமாகவே எழுதினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

சற்று நேரம் கழித்துச் சொந்தக்காரர்கள் குரூப்பைத் திறந்தேன். என் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருந்தாள்.