பாத்தும்மாவுக்குப் பகிடி எழுதியவள்

மருதமுனை ஜெனூபா பகலில் கல்முனைப் பிரதான வீதியில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பாள். பின்னேரம் ஆம்பிளைகளுக்குப் பகிடி எழுதிக் கொடுப்பாள். மருந்து வாங்க வருகிறவர்கள் நின்ற நிலையிலேயே வீட்டுக் கதை முழுவதையும் கொட்டிவிட்டுப் போவார்கள். அதில் நாலு வரியைச் சீவிச் சிங்காரித்து எடுத்தால் ஒரு கிழமைக்குப் போதும்.

அந்தப் பகிடிகள் போய்ச் சேரும் இடம், இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் ‘கடலோரம் டீவி’. முதலாளி ஜவாத். வெள்ளிதோறும் போகும் ‘பாத்தும்மா வீடு’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சிதான் அவருக்குச் சோறும் கறியும். பாத்தும்மாவாக நடிப்பவன் றிபாஸ். பெண்கள் கமெராவுக்கு முன்னால் வருவது மரியாதை இல்லையாம். அதனால் அவன் மீசையை மழித்து, சேலை உடுத்து, முக்காடும் போட்டுக்கொண்டு கரைவாகுப் பக்கத்துப் பெண்களின் மரியாதையை ஐந்து வருடமாகக் காப்பாற்றி வருகிறான். பாவம், வெயில் காலத்தில் அவன் படும் பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

ஜெனூபாவின் தம்பி அங்கே கமெரா பிடிக்கிறவன். அவன் கையில் அவள் கொடுத்தனுப்பிய முதல் பகிடியிலேயே பாத்தும்மா ஊரைப் பிடித்துவிட்டாள். கத்துகிற புருசனைப் பார்த்து, “இது என்ட வாப்பா கட்டித் தந்த ஊடு. சத்தம் போடுறண்டா வெளிய போய்ப் போட்டுட்டு வாங்க” என்றாள் பாத்தும்மா. மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுகிற ஊர் அல்லவா! பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆண்களும் சிரித்தார்கள், கொஞ்சம் பிந்தி.

அதன்பிறகு மேல்மாடியில் நடக்கும் கதை பேசும் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். அங்கே அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. பெண்ணுக்கென்று தொங்கவிட்ட திரைக்குப் பின்னால், தேத்தண்ணிக் கேத்திலுக்குப் பக்கத்தில். அங்கிருந்து அவள் ஒரு பகிடி சொன்னால் அறையில் ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள். அதையே ஜவாத் உரத்துச் சொன்னால் கைதட்டல் கூரையைப் பிளக்கும். கூடவே, “சகோதரி, சீனி கொஞ்சம் கூடப் போடுங்க” என்று ஒரு குரலும் வரும். நிகழ்ச்சி முடிவில் பேர்கள் ஓடும்போது ‘எழுத்து: ஜவாத்’ என்று போகும். தற்செயலாகக் கமெராவுக்குக் குறுக்கே ஓடிய ஆட்டின் சொந்தக்காரருக்கும் அதில் பேர் உண்டு. கடைசியில், கண் சிமிட்டும் நேரத்துக்கு, ‘நன்றி: ஒரு சகோதரி.’

பேருக்கு அலைகிறாள் என்று சிலர் சொன்னார்கள். அலைந்தாள்தான். ஏன் அலையக் கூடாது? ஆட்டுக்காரர் அலையாமலே பேர் வாங்கிவிட்டாரே!

பொறுத்துப் பொறுத்துப் போனவளை ஜவாத்தின் வாய்தான் கிளப்பிவிட்டது. பெருநாளுக்கு ‘பாத்தும்மா வீடு’ விசேட நிகழ்ச்சியைப் போடக் கொழும்பு அலைவரிசை ஒன்று முன்வந்தது. அவர்கள் எடுத்த பேட்டியில் ஜவாத் கால்மேல் கால் போட்டுச் சொன்னார்: “பொம்புளைகளுக்குப் பகிடி வராது. அதனாலதான் நாங்களே எழுதி நாங்களே நடிக்கிறம்.”

பார்மசியில் நின்றபடி போனில் அதைப் பார்த்த ஜெனூபா கையிலிருந்த மருந்தை அப்படியே வைத்துவிட்டாள். குழுவின் வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டாள். “பாத்தும்மாட வாயில வாற ஒவ்வொரு சொல்லும் என்ட. பொம்புள எண்டதுக்காக என்னத் திரைக்குப் பின்னால குந்த வெச்சி, என்ட பகிடிய ஒங்கட எண்டு சொல்லி, இப்ப எனக்குப் பகிடி வராதெண்டும் சொல்லுறீங்களா? இனி என்ட பேரப் போடோணும். இல்லாட்டி எழுத மாட்டன்.”

நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன் அந்தப் பதிவு நிந்தவூர் வரை போய்விட்டது. வேறு வழியில்லாமல் ஜவாத் விசாரணைக் குழு அமைத்தார். தலைவர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஸைனுலாப்தீன். உறுப்பினர், ஜவாத்தேதான். குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தானே விசயம் முழுதாகத் தெரியும்!

“ஒரு பெண்ணும் இரிக்கோணும். இல்லாட்டி நாளைக்குக் கதை வரும்” என்றார் அதிபர்.

எல்லோரும் யோசித்தார்கள். பிறகு எல்லோருடைய கண்ணும் றிபாஸ் மேல் போய் நின்றது.

“அஞ்சு வருசமாப் பொம்புளயா இரிக்கான். இவனுக்குத் தெரியாத பெண் பிரச்சினையா?” என்றார் ஜவாத்.

விசாரணை நடந்தது ஒரு படப்பிடிப்பு நாளில். றிபாஸ் சேலையோடேயே வந்து உட்கார்ந்தான். ஜெனூபா வழக்கம்போலத் திரைக்குப் பின்னால்.

“பெண்கள் பக்கத்துக் கருத்தப் பெண்கள் பிரதிநிதி சொல்லட்டும்” என்றார் அதிபர்.

றிபாஸுக்கு வியர்த்துக் கொட்டியது. எழுதிக் கொடுக்காமல் அவன் எதைப் பேசியிருக்கிறான்? திரைப்பக்கம் சாய்ந்து, “தாத்தா, நான் என்ன சொல்லோணும்?” என்று, அக்காவைக் கூப்பிடும் ஊர் முறையில் கிசுகிசுத்தான்.

தன் முறைப்பாட்டுக்குத் தானே வசனம் கொடுக்கும் கதி உலகத்தில் யாருக்கு வந்திருக்கும்! ஆனாலும் கொடுத்தாள். றிபாஸ் இடுப்பில் கையை வைத்து, ஜவாத்தை அண்ணன் முறை வைத்து, பாத்தும்மாவின் குரலிலேயே எடுத்துவிட்டான்: “இந்தப் புள்ளட பேரப் போட்டா ஒங்கட டீவி கறுத்துப் போயிருமா காக்கா?”

அறை குலுங்கியது. அதிபர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஜவாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “மாஷா அல்லாஹ்! இத அடுத்த கிழமைக்கு வெச்சிருவம்!” என்று கத்தினார்.

தீர்ப்பும் அன்றே வந்தது. நடந்தது ஒரு தவறான புரிதல். சகோதரியின் மனம் ஆறுவதற்காகப் பழைய திரையை எடுத்துவிட்டு, பூப்போட்ட புதிய திரை மாட்டப்படும்.

ஜெனூபா கேத்திலை நிறுத்திவிட்டு இறங்கிப் போனாள். ஓட்டோவில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவமானமாக இருந்தது. அதைவிட, தான் கொடுத்த வசனத்துக்குச் சிரிப்பு அவ்வளவு நன்றாக விழுந்ததே என்று ஒரு பெருமையும் வந்தது. அந்தப் பெருமைக்காகவும் சேர்த்து அழுதாள்.

அடுத்த நிகழ்ச்சியை ஆண்களே கூடி எழுதினார்கள். பருத்த பெண்சாதி ஓட்டோக் கதவில் சிக்கிக்கொள்கிறாள். எழுதும்போது அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒளிபரப்பான பிறகு ஊரே எழுதிக் கேட்டது: “பாத்தும்மாக்குச் சொகமில்லையா?” கொழும்பிலிருந்தும் போன் வந்தது. பெருநாள் நிகழ்ச்சியும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார்களாம்.

மறுநாள் ஜவாத், அதிபர், றிபாஸ் மூவரும் மடிக்கணினியோடு ஜெனூபா வீட்டுக்கு வந்தார்கள். தம்பி வேலைக்குப் போயிருந்தான். உம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“தாத்தா, வாயத் தொறந்தா எனக்கு ஒண்டும் வருகுதில்ல” என்று றிபாஸ் அழாத குறையாகச் சொன்னான்.

ஜவாத் தொண்டையைச் செருமினார். “சரி சகோதரி. நீங்க வெண்டுட்டீங்க. எழுத்து எண்டு ஒங்கட பேரத்தான் போடுறன். இப்பவே, ஒங்கட கண்ணுக்கு முன்னாலேயே.”

கணினியைத் திறந்தார். ‘எழுத்து:’ என்று தட்டினார். விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவர் றிபாஸைப் பார்த்தார். றிபாஸ் அதிபரைப் பார்த்தான். அதிபர் கோப்பைக்குள் பார்த்தார்.

“சகோதரி… ஒங்கட பேர் என்ன?”

ஐந்து வருடம். சகோதரி, தாத்தா, பக்கீர்ர மகள் என்று எத்தனை விதமாகக் கூப்பிட்டிருப்பார்கள்! இந்த நேரத்துக்கென்று மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த அடக்கமான நன்றி வார்த்தையெல்லாம் ஜெனூபாவுக்கு மறந்து போயிற்று. நல்ல கோபம் வந்தது.

“தள்ளுங்க” என்றாள். கணினியைத் தன் பக்கம் திருப்பி, தன் பேரைத் தானே தட்டினாள்.