பனாரஸ் போன பட்டுக்கடைக்காரர்

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாத இதழில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன் இரண்டு வாழ்க்கை வரலாறுகள் எழுதியிருந்தேன். இரண்டையும் யாரும் வாங்கவில்லை. ஆகவே மற்றவர்கள் எழுதும் வாழ்க்கை வரலாறுகளுக்கு மதிப்புரை எழுத நான்தான் தகுந்த ஆள் என்று ஆசிரியர் ராமதுரை முடிவுசெய்துவிட்டார்.

முதல் நாளே மேஜைமேல் ஒரு கட்டுப் புத்தகம். எல்லாம் மணிவிழா வெளியீடுகள். வக்கீல், டாக்டர், மில் முதலாளி என்று நாயகர்கள் மாறினாலும் பிள்ளைப்பருவம் மட்டும் ஒன்றுதான். எல்லாரும் தெருவிளக்கில் படித்தவர்கள். அத்தனை பேருக்கும் விளக்கடியில் எப்படி இடம் கிடைத்ததோ, தெரியவில்லை. அவர்கள் பொய் சொன்னதில்லை, கோபப்பட்டதில்லை. ஒருவருக்கும் ஒரு சளிகூடப் பிடித்ததில்லை.

தொழில் ரகசியத்தையும் ஆசிரியர் அன்றே சொல்லிக்கொடுத்தார். விளம்பரம் தருகிறவரின் வரலாறு ‘குறிப்பிடத்தக்கது’. தராதவரின் வரலாறு ‘வரவேற்கத்தக்கது’. இதற்குமேல் விமர்சனக் கலையில் எதுவும் இல்லை என்றார்.

2. பின்னால் நின்றவர்

தி. நகரில் பெரிய பட்டுக்கடை வைத்திருந்த சங்கரலிங்கத்தின் வரலாறு ஒருநாள் வந்தது. எங்கள் பின்னட்டை விளம்பரம் அவருடையது. எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். உவமை சொல்லாமல் ஒரு கதவைக்கூடத் திறக்கமாட்டார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சின்னதாகக் கடை போட்டவர், நடுவில் ஒரு வருடத்துக்குமேல் பனாரஸில் தங்கிப் பட்டின் நுட்பங்களைக் கற்று, திரும்பிவந்து கடையைப் பெரிதாக்கினார் என்பது கதை. மனைவிக்கு ஒரே வரி: எல்லா முயற்சிகளிலும் துணைவியார் அவருக்குப் பின்னால் நின்றாராம். பெயர்கூடக் கிடையாது.

‘குறிப்பிடத்தக்கது’ என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது கை சும்மா இருக்கவில்லை. ‘துணைவியார் ரொம்பவே பின்னால் நின்றுவிட்டதால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. நாயகர் பனாரஸில் இருந்தபோது கடையில் யார் இருந்தார் என்பதும் தெரியவில்லை’ என்று சேர்த்துவிட்டேன். புரூஃபில் அந்த வரி ஆசிரியர் கண்ணில் படவில்லை.

இதழ் வெளிவந்த வாரமே போன் வந்தது. ஆசிரியர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஓய், பட்டுக்கடைக்காரர் ஆத்துலேர்ந்து பேசறா. உம்மை நேர்ல வரச்சொல்றா. என்ன எழுதித் தொலைச்சீர்?”

வேலை போய்விட்டது என்ற தெளிவோடுதான் அந்த வீட்டுக்குப் போனேன். முதலாளி இல்லை. அவர் மனைவி ஆவுடையம்மாள் உட்காரச் சொல்லி, காபி வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தார்.

“கடையில யாரு இருந்தான்னு கேட்டிருந்தீக. நாந்தான் தம்பி இருந்தேன்.”

பிறகு நிதானமாகச் சொன்னார். அவர் கணவர் பனாரஸ் பக்கமே போனதில்லை. அந்த நாட்களில் காசநோயோடு தாம்பரம் சானடோரியத்தில் படுத்திருந்தார். அந்த நோயின் பெயர் வெளியே தெரிந்தால் கடைப்படி யாரும் ஏறமாட்டார்கள். கடையை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு ஊருக்கு வந்துவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். இவர் போகவில்லை. தானே கடையில் உட்கார்ந்தார். பொம்பளையை நம்பிப் பட்டு அனுப்ப முடியாது என்று தறிக்காரர்கள் கையை விரித்ததும் நூல் சேலைகளை வாங்கி அடுக்கினார். ஆபீஸ் விட்டு மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கும் பெண்கள் வந்தார்கள். வாங்காமல் போனாலும் முகம் சுளிக்காமல் பிரித்துக் காட்டினார். போன தடவை யார் எந்த நிறம் எடுத்தார்கள் என்று மறக்காமல் கேட்டார். கணவர் குணமாகி வந்தபோது பக்கத்துக் கடையும் இவர்களுடையதாகியிருந்தது.

“பனாரஸ் போயிருக்காகன்னு ஊரெல்லாம் பொய் சொன்னதும் நாந்தான். அந்த வாத்தியாரு அந்தப் பொய்யயும் அவுக கணக்குல சேத்துட்டாரு.”

இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதத்தான் கூப்பிட்டதாகச் சொன்னார். ஆனால் மகளுக்கு அடையாறில் ஒரு டாக்டர் மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்தார்கள். நோய் விஷயத்தைத் தானே அங்கே போய்ச் சொல்லப்போவதாகவும், அவர்கள் அதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, அதுவரை பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சாப்பாட்டுக்கு வந்த சங்கரலிங்கம் இதையெல்லாம் வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார். உள்ளே வந்து என்னைப் பார்த்தார். பின்னட்டை விளம்பரத்துக்கு நான் மனதுக்குள் விடை கொடுத்தேன்.

“அவ சொல்லுதது நெசந்தான்” என்றார். “பாப்பா கல்யாணம் முடியட்டும். ரெண்டாம் பதிப்புல போட்டுருவோம்.”

ரெண்டாம் பதிப்பு என்ற வாக்குறுதியை நானே பல பேருக்குக் கொடுத்திருந்ததால் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

3. ரெண்டாம் பதிப்பு

ஆனால் நிஜமாகவே வந்தது. அதில் ‘இல்லத்தின் ஒளி’ என்று ஒரு முழு அத்தியாயம். கணவர் பனாரஸில் இருக்க, ஆவுடையம்மாள் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறார், விளக்கேற்றுகிறார், அண்டை அயலாருக்கு அறிவுரை சொல்கிறார். கடைப்பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. காவியத்துக்கு நோயும் வியாபாரமும் பொருந்தாது என்று தமிழாசிரியர் வெட்டிவிட்டதாக அப்புறம் தெரிந்தது. அச்சாகி வரும்வரை முதலாளியும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

புத்தகம் வந்த மறுநாள் ஆவுடையம்மாள் போன் செய்தார்.

“படிச்சேன் தம்பி. இந்தப் பொம்பள யாருன்னு எனக்குத் தெரியல.”

கல்யாணம் முடிந்துவிட்டது, விஷயத்தை முன்னமே சொல்லியும் மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை, இனி நான் சொன்னதை நீங்களே போடுங்கள் என்றார். ஆசிரியர் பக்கத்தில் நின்று, விளம்பரம், விளம்பரம் என்று வாயசைத்தார். அதையும் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“விளம்பரம் யாரு குடுக்கான்னு நெனச்சீக? நாந்தான்.”

ஆசிரியருக்கு அந்த நிமிஷமே அது குறிப்பிடத்தக்க வரலாறாகிவிட்டது. மதிப்புரைப் பக்கங்களில் ஆவுடையம்மாள் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே போட்டோம்.

இதழ் வந்த பிறகு சங்கரலிங்கம் போனில் பேசினார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

“எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீக. ஒண்ண விட்டுட்டீக. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னயப் பாக்க சானடோரியத்துக்கு வருவா. வந்து உக்காந்ததும் அந்த வாரம் என்னென்ன சேலை வித்ததுன்னு சொல்லுவா. எல்லாம் சொல்லி முடிச்சிட்டுத்தான் உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பா. அதக் கேக்கத்தான் தம்பி நான் பொழச்சுக் கெடந்தேன். அதயும் போடுங்க.”

அடுத்த இதழில் ‘திருத்தம்’ என்று போட்டோம். நான் அச்சில் கொண்டுவந்த வாழ்க்கை வரலாறுகளில் உருப்படியானது அந்த நாலு வரிதான். அதிலும் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

இப்போது எழுத வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நாயகரைத் தாராளமாகப் பேட்டி எடுங்கள். பேசி முடித்து அவர் சாப்பிடக் கைகழுவ எழுந்து போவார். அப்போது நீங்கள் கிளம்பிவிடாதீர்கள், பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.