மலிவு வோக்கிடோக்கி

புயலடித்து கைபேசிச் சிக்னல் நின்றுபோனபோது, கடலுக்குப் போன கணவரோடு பேச வழியின்றித் தவித்தேன். அதனால் நல்லூர்க் கடையொன்றில் இருந்ததிலேயே மலிவான வோக்கிடோக்கிச் சோடியை வாங்கினேன். "பாவிக்கிற முறையைச் சொல்லட்டே, அக்கா?" என்றார் கடைக்காரர். "எனக்குத் தெரியும்" என்று வந்துவிட்டேன்.

ஒரு காலை, கணவர் சோடியில் ஒன்றை எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக் கரையிலிருந்து வலை வீசப் போனதும் காற்றும் மழையும் பிடித்தன. கரையில் நின்று பொத்தானை அழுத்திக் கத்தினேன்.

"எங்கை நிக்கிறியள்? ஏன் கதைக்கிறியள் இல்லை? கேக்குதோ, இல்லையோ?"

பதிலே இல்லை. கடைக்காரரையும் கருவியையும் வாயில் வந்தபடி திட்டினேன்.

அரை மணி நேரத்தின் பின் இன்னொரு படகு அவருடைய படகை இழுத்து வந்தது.

"உந்தச் சாமானைக் கடலிலை எறியுங்கோ! ஒண்டுமே கேக்கேல்லை," என்றேன்.

"எனக்கு எல்லாம் கேட்டது. மோட்டர் நிண்டுட்டுது, ஆரையாவது அனுப்பு எண்டு சொல்ல எத்தினை தரம் பார்த்தன்! நீ பொத்தானிலை இருந்து கையை எடுத்தால்தானே என்ரை குரல் உனக்கு வரும்?"

நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் கருவி பழுதென்றே சொல்லிவந்தேன். உண்மை இதுதான்: உதவி கேட்ட மனிதரை அரை மணி நேரம் பேசவிடாமல் வைத்திருந்தது என் விரல்.