மூன்றாவது கோப்பை

போன சனிக்கிழமை ஒரு வீட்டுக்குக் கோப்பி குடிக்கப் போனேன். குடித்துவிட்டுத் திரும்ப இரண்டரை மணித்தியாலம் ஆனது.

ஒரு கோப்பிக்கா? — நீங்கள் புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. நானும் முதலில் தூக்கினேன்.

வீடு தூரமில்லை. லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே இருப்பவர் மெப்ராத். எரித்திரியா நாட்டுப் பெண்மணி, பள்ளிக்கூட கன்டீனில் வேலை. எனக்கும் அவருக்கும் குப்பைத் தொட்டி வெளியே வைக்கிற நாளில் ஒரு ‘ஹலோ’, அவ்வளவுதான். என் மனைவி புனிதத்துக்கும் அவருக்கும் வேலிக்கு மேலால் நீண்ட கதை நடக்கும்.

தொடக்கத்தில் ஒரு சின்ன மனத்தாங்கலும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மெப்ராத் விரதம் என்று கேள்விப்பட்டுப் புனிதம் நெய் விட்டுப் பொங்கல் கொடுத்தனுப்பினார். ‘சைவம்தானே!’ மெப்ராத் கும்பிடாத குறையாகத் திருப்பித் தந்துவிட்டார். அவர்கள் விரதத்தில் பாலும் இல்லை, நெய்யும் இல்லை. புதனும் வெள்ளியும் அப்படியாம், பெரிய நோன்பு வந்தால் வாரக்கணக்காம். பாலைக் குடித்துக்கொண்டே விரதம் இருக்கிற எங்கள் சாமர்த்தியம் அவர்களிடம் இல்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். எனக்கு அன்றைக்குக் கோப்பி குடிக்கிற மனநிலையே இல்லை. புனிதத்தின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக வேலை செய்யவில்லை, ஒப்பரேஷன் செய்தாக வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். புனிதம் மாட்டேன் என்கிறார். ஏன்? அதைச் சொல்ல மாட்டார். கதையை எடுத்தாலே சமைக்கிற சாக்கில் குசினிக்குள் போய்விடுவார். கனடாவில் இருந்து பிள்ளைகள் கெஞ்சினார்கள், நான் கத்தினேன், கோவிலுக்கும் நேர்ந்தேன்... ஒன்றும் பலிக்கவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் முடிவு சொல்ல வேண்டும். ‘இனியும் தள்ளிப்போட ஏலாது’ என்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

எனக்குப் பயம். வெறும் பயம். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“இஞ்சாருங்கோ, அவ ஆசையாக் கூப்பிட்டவ. ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டு வருவம்,” என்றார் புனிதம். போனோம்.

மெப்ராத் வெள்ளைச் சால்வை போர்த்தி, தாழ்வான முக்காலியில் இருந்தார். நாங்கள் போன பிறகுதான் பச்சைக் கோப்பிக்கொட்டையைக் கழுவத் தொடங்கினார்! ஒரு பக்கம் சாம்பிராணி. இன்னொரு பக்கம் கிண்ணம் நிறையச் சோளப்பொரி. கொட்டை கறுத்துப் புகை எழும்பியதும் சட்டியை எடுத்துவந்து எங்கள் முன்னால் நீட்டினார். வாசம் பிடிப்பதற்கு.

புனிதம் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கையையும் புகைக்கு மேலே காட்டி, பயபக்தியாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கற்பூரத் தட்டு என்ற நினைப்பு! நல்ல காலம், நான் சில்லறை எடுத்துப் போடவில்லை.

மெப்ராத் விழுந்து விழுந்து சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார். அவர்கள் தேவாலயத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்களாம். பெரிய மேளம் உண்டாம். பூசை மொழி இன்றைக்கு யாரும் பேசாத பழைய மொழியாம். “உங்களுக்கு விளங்குமா?” என்று கேட்டேன். “கடவுளுக்கு விளங்கும்,” என்றார். எங்கள் ஐயர் சொல்கிற மந்திரம் எனக்கு விளங்குகிற மாதிரிதான்!

ஆபிரிக்காவில் கிறிஸ்தவம் என்றாலே வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுபோய் இறக்கியது என்று எங்களில் பலர் நினைக்கிறோம். இங்கிலாந்து ராஜாக்கள் ஞானஸ்நானம் எடுப்பதற்கு எவ்வளவோ முன்னரே அங்கே அரசர்கள் சிலுவை பொறித்துக் காசு அடித்துவிட்டார்கள். நாங்களோ அந்தப் பெரிய கண்டத்து மக்கள் எல்லோருக்கும், எங்கள் தமிழ்க் கடைகளில் பேசிக்கொள்ள, ஒரே ஒரு வசைப்பெயர் வைத்திருக்கிறோம். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கறுப்பு மண் கூஜாவில் இருந்து பிடியில்லாத சின்னக் கோப்பையில் கோப்பி வந்தது. குடித்தேன். கோப்பையை வைத்தேன். எழும்பினேன்.

“சரி, அப்ப நாங்கள் போட்டு வாறம்,” என்றேன் புனிதத்திடம், மெப்ராத்துக்கும் விளங்கும்படி வாசலைக் காட்டி. யாழ்ப்பாணத்து மரியாதை! தேத்தண்ணி முடிந்தால் எழும்பிவிட வேண்டும், வீட்டுக்காரரைச் சிரமப்படுத்தக் கூடாது.

மெப்ராத்தின் முகம் வாடிவிட்டது. “பிரதர், இருங்கள். இது முதலாவது. மூன்று கோப்பை உண்டு. மூன்றாவதுக்குப் பெயர் பெரக்கா. ஆசீர்வாதம். அதைக் குடிக்காமல் என் வீட்டிலிருந்து யாரும் போவதில்லை.”

இருந்தேன். வேறு என்ன செய்ய?

அதே தூளில் மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி கொதிக்க வைத்தார். கொதிக்கும் வரை என்ன செய்வது? பேசத்தான் வேண்டும். அவர் தன் நாட்டின் முப்பது வருடப் போரைச் சொன்னார். பெண்களும் துவக்குத் தூக்கிய போர். அவருடைய அக்காவும் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனவராம். போர் முடிந்து ஊரெல்லாம் ஆடிக் கொண்டாடிய பிறகுதான், அக்கா எப்போதோ இல்லாமல் போன செய்தி வீட்டுக்கு வந்ததாம். நாடு கிடைத்தது. பிறகு அந்த நாட்டிலும் இருக்க முடியாமல் பாலைவனம், கடல் எல்லாம் தாண்டி இவர் லண்டன் வந்தார்.

எங்களுக்கு நாடு கிடைக்கவில்லை, அவர்களுக்குக் கிடைத்தது. இரண்டு பேரும் இப்போது ஒரே சுவரின் இரண்டு பக்கம் வாடகை கட்டுகிறோம். இதற்கு அழுவதா, சிரிப்பதா?

இரண்டாவது கோப்பை முடிந்தது. மூன்றாவதுக்குத் தண்ணீர் விட்டார். அப்போதுதான் புனிதம் வாயைத் திறந்தார்.

“மை ஹார்ட்... ஒப்பரேஷன்...” என்று ஆங்கிலத்தில் தொடங்கியவர் அப்படியே தமிழுக்கு மாறிவிட்டார். மெப்ராத்துக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. புனிதம் நிறுத்தவில்லை.

“என்ர அக்காவும் சிரிச்சுக்கொண்டுதான் ஒப்பரேஷனுக்கு உள்ளுக்குப் போனவ. நான் வெளியில நிண்டனான். அவ திரும்பி வரேல்லை. எனக்கு அந்தக் கதவுதான் பயம். பிள்ளையளுக்கு என்னெண்டு சொல்லுறது? இந்த மனுசன்ர முகத்தைப் பாத்தா அழுகை வருது, அதுதான் குசினிக்குள்ள ஓடுறனான்.”

அக்கா ஆஸ்பத்திரியில் இறந்தது எனக்குத் தெரியும். கதவு தெரியாது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது.

மொழிபெயர்க்க வாயெடுத்தேன். மெப்ராத் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். புனிதத்துக்குப் பக்கத்தில் வந்து இருந்து, அழுது முடியும் வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகுதான் என்னிடம் விவரம் கேட்டார். கேட்டுவிட்டுப் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது கோப்பையை ஊற்றிப் புனிதத்தின் கையில் வைத்து, தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், “திங்கட்கிழமை நானும் வருகிறேன். கதவு வரைக்கும் இல்லை, டொக்டரின் அறைக்கு உள்ளே வரைக்கும்.”

மூன்றாவது கோப்பி தண்ணியாகத்தான் இருந்தது. புனிதம் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். கோவிலுக்குக் கூட்டிப் போனேன், இணையத்தில் படித்துப் படித்து விளக்கினேன். அவரோடு சும்மா இருந்தேனா? நாங்கள் ஒரு கோப்பை குடித்துவிட்டு எழும்பிவிடுகிற ஆட்கள். மனதில் இருப்பது வெளியே வர எங்கே நேரம் கொடுக்கிறோம்? அதற்கென்றே இரண்டு கோப்பையைக் கூடுதலாக வைத்த அந்த மக்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

திங்கட்கிழமை மெப்ராத் லீவு போட்டுவிட்டு வந்தார். டொக்டரின் அறை சின்னது. “கூட ஒருவர் மட்டும் வரலாம்,” என்றார் நர்ஸ். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழும்பினேன். புனிதம் என்னைத் திரும்பியும் பார்க்காமல் மெப்ராத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்தபோது இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. “ஓம் எண்டு சொல்லிப்போட்டன்,” என்றார் புனிதம். “எழும்புங்கோ, பசிக்குது.”

இரண்டு பெண்களும் கதிரையில் விட்டுப்போன கைப்பைகள் இவ்வளவு நேரமும் என் மடியில் இருந்தன — என்னை ஒருவரும் இவ்வளவு அழகாக ஓரங்கட்டியதில்லை.