டோக்கன் அக்கா சொல்லிக்கொண்ட விதம்

பல் டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருஷமாக டோக்கன் கொடுப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வீங்கிய கன்னத்தோடு வருகிறவனுக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொறுமை ஏது? எல்லாருக்கும் அவள் டோக்கன் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். மூன்று மணிக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஒன்பது மணி வரை அவள் வைத்ததுதான் சட்டம். அவசரம் என்று வருகிறவரின் கன்னத்தைப் பார்த்தே அது அவசரமா அலட்டலா என்று கண்டுபிடித்துவிடுவாள்.

இப்படி ஊரையே வாயைத் திறக்கச் சொல்லும் இடத்தில் வேலை பார்த்தவளுக்குத் தன் வாயைத் திறக்க மூன்று வாரம் ஆயிற்று.

விஷயம் இதுதான். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்குப் பகல் வேலை கிடைத்திருந்தது. காலை எட்டு மணி முதல் நாலு மணி வரை. சம்பளம் ஏறக்குறைய அதேதான். அதற்காக அவள் போகவில்லை. அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். விடியற்காலையில் கிளம்பும் முதல் பஸ் அவருடையது. மதியம் இரண்டே முக்காலுக்கு அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். “போயிட்டு வா” என்பார். “வர்றேங்க” என்பாள். அவள் திரும்பி வரும்போது அவர் குறட்டையில் இருப்பார். கிளினிக்குக்கு ஞாயிறு விடுமுறை, அவருக்குச் செவ்வாய். அந்தச் செவ்வாயையும் அவர் தூங்கியே தீர்த்துவிடுவார். சண்டை போடக்கூட நேரம் கிடைக்காத ஜோடி அது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷரோடு சாயங்காலம் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

இருக்கும் இடத்தில் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும்படி ஆஸ்பத்திரியிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் முடிந்ததும் சேர வேண்டும். அதாவது, இந்த மாதம் முடிவதற்குள் டாக்டரிடம் விஷயத்தைப் போட்டு உடைக்க வேண்டும்.

“இன்னிக்கே சொல்லிடு” என்றார் வீட்டுக்காரர், செருப்பைக் கழற்றியபடி. நாத்தனார் போனில் வேறு பாட்டுப் பாடினாள். “கடைசி நாள் சொல்லுங்க அண்ணி. முன்னாடியே சொன்னா அந்த ஒரு மாசமும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உங்கள வாட்டி எடுத்துடுவாரு.” டோக்கன் அக்கா இரண்டையும் கேட்டுக்கொண்டு, டாக்டர் நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்துச் சொல்வது என்று முடிவு செய்தாள்.

அதில் ஒரு சிக்கல். டாக்டரின் மனநிலை அவர் பிடுங்கும் பல்லைப் பொறுத்தது. வேரோடு முழுசாக வந்தால் அதைக் கிண்ணத்தில் போட்டு, குழந்தை பிறந்த சேதிபோல அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார். பாதியில் முறிந்தால் அன்று யாரோடும் பேச்சு கிடையாது. அந்த மாதம் பார்த்து ஊரில் உள்ள பல்லெல்லாம் முறிந்து தொலைத்தது.

இன்னொரு சிக்கல் அவள் நாக்கு. “போறேன்” என்ற சொல் தனியாக அதில் வந்ததே இல்லை. கடைக்குப் போனாலும் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாலும் “போயிட்டு வர்றேன்”தான். போகிறேன் என்று மொட்டையாகச் சொன்னால் ஒரேயடியாகப் போவதுபோல இருக்காதா? இரண்டு தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே போய், “டாக்டர், நான் போ…” என்று ஆரம்பித்தாள். “…யிட்டு வர்றேன்” என்று முடிந்தது. “சரிம்மா, நாளைக்கு நேரத்தோட வா” என்றார் டாக்டர்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. அன்று மரக்கடைக்காரர் ஒருவரின் கடைவாய்ப்பல் மூன்று வேரோடும் முழுசாக வந்தது. “ஏம்மா, இங்க வந்து பாரேன்” என்று உள்ளிருந்து குரல். அவள் ஓடினாள். மரக்கடைக்காரர் வாய் நிறையப் பஞ்சோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டர் முகம் மலர்ந்திருந்தது. இதை விட்டால் வேறு நேரம் இல்லை. “போறேன்” வேண்டாம் என்று அவள் நாக்கு சுற்றுவழி ஒன்றைக் கண்டுபிடித்தது.

“டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னும் ஒரு மாசந்தான் நான் இருப்பேன்.”

டாக்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “என்னம்மா சொல்ற?”

“ஆமா டாக்டர். முடிவாயிடுச்சு.”

“யார் சொன்னா?”

“கண் ஆஸ்பத்திரில.”

“கண்ணுலயா?”

“கண்ணுதான் டாக்டர்.” பல்லை விட்டுக் கண்ணுக்குப் போகிறாளே என்று அவருக்கு வருத்தம்போல என்று நினைத்துக்கொண்டாள்.

“வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“தெரியும் டாக்டர். அவருக்கு ரொம்ப சந்தோஷம். பதினோரு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்னாரு.”

டாக்டர் தன் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். மரக்கடைக்காரரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. மரப்பு மருந்து போதவில்லை என்று அவள் எண்ணினாள்.

“நீங்க… முதல்ல உட்காருங்கம்மா” என்றார் டாக்டர். பதினோரு வருஷமாக வா போ என்று கூப்பிட்டவர் வாயில் முதல் தடவையாக “ங்க” வந்தது.

மறுநாள் அவள் மேஜைக்குப் பின்னால் முதுகுக்கு மெத்தை வைத்த புது நாற்காலி இருந்தது. வழக்கமாக அவள் மாடியேறி எடுத்துவரும் நோயாளிகளின் பழைய கார்டுகளை டாக்டரே இறக்கிக்கொண்டு வந்தார். ஏழு மணியானால், “நீங்க கிளம்புங்கம்மா, உடம்பைப் பாத்துக்குங்க” என்றார். மரக்கடைக்காரர் வாய்ப்பஞ்சை எடுத்த கையோடு ஊரெல்லாம் தமுக்கடித்திருக்க வேண்டும். டோக்கனுக்கு அடித்துக்கொள்கிறவர்கள் வரிசையில் பெட்டிப்பாம்பாக நின்றார்கள். ஓர் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “தைரியமா இருங்க அக்கா” என்றாள். வேலை மாறுவதற்கு இவ்வளவு தைரியம் வேண்டுமா என்று டோக்கன் அக்காவுக்கே கொஞ்சம் கலக்கமாகிவிட்டது.

ஒரு வாரம் இப்படியே போனது. அன்புக்கு இளகாத மனம் உண்டா? ஒரு மதியம் வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னாள்: “டாக்டரை விட்டுட்டுப் போக மனசு வரலங்க. தங்கமான மனுஷன். அங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன்.”

வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு நின்றார். “உன் இஷ்டம்” என்று மட்டும் சொன்னார். அன்றைக்குப் “போயிட்டு வா” வரவில்லை. பஸ் நிறுத்தம் வரை அது அவள் நெஞ்சில் உறுத்திக்கொண்டே வந்தது. ஆனாலும் நேராக டாக்டரிடம் போனாள்.

“டாக்டர், நான் இங்கயே இருந்துடறேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது நம்ம கையிலயாம்மா இருக்கு?”

“பின்ன யார் கையில? கண் ஆஸ்பத்திரில சொன்னாக் கேட்டுப்பாங்க. எனக்குப் பதிலா வேற ஆளைக் கூட்டிக்குவாங்க.”

“வேற ஆளையா?”

“என்னைவிடச் சின்ன வயசுலயே கிடைப்பாங்க டாக்டர்.”

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். “கண் ஆஸ்பத்திரில உங்களுக்கு என்ன?”

“இதே மாதிரிதான். டோக்கன் போடணும். பகல் ஷிப்டு. சாயங்காலம் வீட்டுக்காரரோட இருக்கலாம்.”

டாக்டர் போய் நோயாளி நாற்காலியில் சாய்ந்து படுத்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கோபம் வந்தது. “ங்க” பறந்து போயிற்று.

“ஏம்மா, ஒரு வாரமா நான் ஒழுங்காத் தூங்கல, தெரியுமா? நல்லா இருந்த பல்லை முறிச்சுட்டேன் முந்தாநாள். வேலைய விடறேன்னு சொல்ல உனக்கு வாய் இல்லயா?”

அவர் என்ன நினைத்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தனக்காக ஒருவர் தூக்கம் கெட்டார் என்பது லேசான காரியமா?

“அதான் டாக்டர், போகல, இருந்துடறேன்…”

“எதுக்கு இருக்கணும்? நீ ஒரேயடியாப் போயிடுவேன்னு நினைச்சு அழுதது போதும். உசுரோட வேற வேலைக்குப் போறவள ஏன் நிறுத்தறேன்? போய் அந்த மனுஷன்கூட உட்காரு. அந்தாளு சந்தோஷப்பட்டான்னு கேட்டு ஒரு வாரமா எத்தனை சாபம் விட்டேனோ. அதுக்குப் பரிகாரமா இருக்கட்டும்.” எழுந்து வெளியே வந்தவர் மெத்தை நாற்காலியைக் காட்டினார். “இது இங்கயே இருக்கும். எடுத்துட்டுப் போகாத.”

அடுத்த மாதம் முதல் தேதி. கண் ஆஸ்பத்திரியிலிருந்து டோக்கன் அக்கா வீடு வந்து சேர நாலரை ஆயிற்று. வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் அவள் நிழல் தெரிந்ததும் நிமிராமலே, பதினோரு வருஷப் பழக்கத்தில், “போயிட்டு வா” என்றார்.

அவள் செருப்பைக் கழற்றி அவர் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள்.

“வந்துட்டேங்க” என்றாள்.