வாய் திறக்காத குரூப்

போன மாதம் ஒரு கேள்வி கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அதனால் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

நான் புதுக்கோட்டையில் இருக்கிறேன், என் தங்கை செல்வி ஆலங்குடியில் இருக்கிறாள். மச்சான் இறந்த பிறகு தென்னந்தோப்பைத் தனியாகப் பார்த்துக்கொண்டு ஒரே மகள் சரண்யாவைப் படிக்க வைத்தாள். சரண்யா இப்போது அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு விராலிமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் கார்த்தி, துபாயில் ஏசி மெக்கானிக். அப்பா சுப்பையா ஹைவேயில் ஓட்டல் நடத்துகிறார்.

புதுக்கோட்டையில் ஒரு கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பையனுக்குப் பிடித்துவிட்டது. சரண்யாவுக்கும் பிடித்தது என்றுதான் நினைக்கிறேன். எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிற பெண், அன்றைக்கு வீட்டுக்கு வரும் வரை வாயே திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்தாள்.

பையன் லீவில் வந்திருக்கிறான். திரும்பிப் போவதற்குள் பூ வைத்துவிட வேண்டும் என்றார்கள்.

"அண்ணே, நீ விசாரிச்சுச் சொல்லு. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்றாள் செல்வி. மொத்தப் பொறுப்பும் என் தலையில். அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் விசாரிக்காமல் வேறு யார் விசாரிப்பது?

வரன் விசாரிப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பையன் ஊருக்குப் போய் நாலு பேரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். நல்ல குடும்பம் என்றால், "தாராளமாக் குடுங்க" என்பார்கள். மோசமான குடும்பம் என்றால்... எதுவும் சொல்ல மாட்டார்கள். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று ஒரு பயம். கேட்ட கேள்வி காதில் விழாத மாதிரி மேலே ஃபேனைப் பார்ப்பார்கள். பிறகு, "டீ சாப்பிடுறீங்களா?" என்பார்கள். அந்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் வந்து சேர வேண்டியதுதான்.

இந்தத் தடவை நான் பஸ் ஏறவில்லை. காரணம், என் கையில் இருந்த போன்.

விராலிமலைக்காரர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். பல் பிடுங்க யார் நல்ல டாக்டர்? மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பது? சோலார் பேனல் போட்டால் மிச்சமாகுமா? ஒரு அம்மா, இட்லி மாவு ஏன் பொங்கவில்லை என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்களைப் படித்து முடிப்பதற்குள் எனக்கே பசித்துவிட்டது. அரிசியைக் குற்றம் சொன்னவர்கள் பாதி. கிரைண்டரைக் குற்றம் சொன்னவர்கள் மீதி. ஒருவர் மட்டும் மாமியாரைச் சொல்லியிருந்தார்.

இந்த மாதிரி குரூப்புகளை நான் நம்புவது கிடையாது. ஒருமுறை புதுக்கோட்டை குரூப் ஒன்றில் இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிக் கேட்டேன். ஒரு மனிதர் பேட்டரியின் ஜாதகத்தையே கணித்து, பக்கம் பக்கமாக எழுதினார். அடடா, என்ன ஒரு பரந்த மனசு என்று உருகிப்போய்க் கடைசி வரிக்கு வந்தால்... அவருடைய கடை அட்ரஸ். அன்றிலிருந்து, இனாமாக யாராவது அறிவைக் கொடுத்தால் முதலில் கையைப் பார்ப்பேன் — பின்னால் பில் புக் இருக்கிறதா என்று.

அப்படிப்பட்ட நானே அங்கே போய்க் கேட்டேன் என்றால் காரணம் இருக்கிறது. பெயரை மறைத்துக்கொண்டு கேட்கிற வசதி அதில் உண்டு. நேரில் போனால் நான் யார் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் பூசி மெழுகுவார்கள். பெயரே இல்லாமல் கேட்டால் உண்மை வரும் அல்லவா? என்ன ஒரு மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். "ஹைவேயில் ஓட்டல் வைத்திருக்கும் சுப்பையா குடும்பம் எப்படி... பையன் துபாயில் இருக்கிறார்... பெண் கொடுக்கலாமா? மனம் திறந்து சொல்லுங்கள்..." என்று எழுதிப் போட்டேன்.

ஒரு பதில் இல்லை.

சாயங்காலம் பார்த்தேன். மறுநாள் காலையில் பார்த்தேன். எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள் என்று போனே சொல்கிறது. எனக்குக் கீழே, தொலைந்துபோன பூனையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பூனைக்கு ஊரே திரண்டு வந்து ஆறுதல் சொல்லியிருந்தது. என் கேள்விக்கு மட்டும் ஒரு கும்பிடு பொம்மைகூடப் போடவில்லை.

ஆனால் என் போன் மட்டும் சும்மா இருக்கவில்லை. பட்டுப்புடவை விளம்பரம், கல்யாண மண்டப விளம்பரம், சமையல் கான்ட்ராக்ட் விளம்பரம்... மனிதர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், கடைகளுக்கு மட்டும் எப்படிக் காது கேட்டது?

ஒரு ஊரே சேர்ந்து ஃபேனைப் பார்க்கிறது என்றால் என்ன அர்த்தம்? கடன் இருக்குமா? பையன் அங்கே வேறு குடும்பம் வைத்திருப்பானா? துபாயே பொய்யாக இருக்குமோ? என் மனைவி மல்லிகா, "வெறும் குரூப்ப வச்சு ஏங்க மனசப் போட்டுக் கொழப்பிக்கிறீங்க?" என்றாள். அவளுக்கு எல்லாரும் நல்லவர்கள். நான் செல்விக்குப் போன் போட்டு, "கொஞ்சம் தள்ளிப் போடு. எனக்கு என்னமோ சரியாப் படல" என்று சொல்லிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் சரண்யா கூப்பிட்டாள்.

"மாமா, அவங்க வீட்டப் பத்தி யாரும் தப்பாச் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா."

"அப்புறம் என்ன?"

"அதான்மா எனக்குச் சந்தேகமே."

அவள் சொன்னாள்: "என் கிளாஸ்ல கேள்வி கேட்டா மொத்தப் புள்ளைகளும் பேசாமத்தான் ஒக்காந்துருக்கும். பதில் தெரியாமயில்ல. யாரு மொதல்ல எந்திரிக்கிறதுன்னு ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்கும். நீங்க நேர்ல போயிப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க மாமா, நான் ஒத்துக்கிறேன். போனப் பாத்துட்டுச் சொல்லாதீங்க."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அவள் அப்பா இறந்த அன்றைக்குக்கூட என் முன்னால் அழாதவள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் பயத்துக்கு அவள் ஏன் அழ வேண்டும்?

மறுநாள் பஸ் ஏறினேன்.

சுப்பையாவின் ஓட்டலுக்கு நேரே போகவில்லை. நான் என்ன அவ்வளவு லேசான ஆளா? எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை இருந்தது. எதிரெதிர் கடை என்றால் நிச்சயம் ஏதாவது புகைச்சல் இருக்கும். உண்மை அங்கேதான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். கடைக்காரரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கெடயாதுங்க" என்றார் எடுத்த எடுப்பில். "அவரு போட்ட தகரக் கொட்டாயில எங்க கடை போர்டு மறையுது. சொல்லியும் கேக்கல. பஞ்சாயத்து நடந்துக்கிட்டு இருக்கு."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கேட்டேன்: "அப்ப ஆளு எப்படி?"

"பொண்ணு குடுக்கவா? தாராளமாக் குடுங்க. சுத்தமான ஆளு. மருமக வந்தா மக மாரி வச்சுக்குவாக. அந்தக் கொட்டாயப் பத்தி மட்டும் பேசாதீங்க."

"குரூப்புல கேட்டிருந்தாங்களே... நீங்க பாக்கலியா?"

"பாத்தேன். நான் போயி அவரப் பத்தி நல்லதா எழுதுனா, பஞ்சாயத்துல எறங்கி வந்துட்டேன்னு பேசுவாங்க. எனக்கு எதுக்கு வம்பு?"

சண்டைக்காரர் வாயிலிருந்தே நல்ல சர்டிஃபிகேட். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் என் புத்தி எங்கே போகும்? ரோட்டைக் கடக்கும்போதே, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருப்பார்களோ என்று ஒரு நினைப்பு வந்துபோனது.

ஓட்டலில் ஓரமாக உட்கார்ந்து தோசை சொன்னேன். தோசையை ஒரு பெரியவரே கொண்டுவந்து வைத்தார். அது சுப்பையா. கோயிலில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறோம். கண்டுகொள்ள மாட்டார் என்று நினைத்தேன்.

"வாங்க. நேத்தே வருவீங்கன்னு பாத்தேன்" என்றார்.

பிட்ட தோசையை இலையிலேயே வைத்துவிட்டேன்.

"வாரா வாரம் பத்திரிகையில நீங்க எழுதுற பக்கத்துல உங்க ஃபோட்டோ போடுறாங்கள்ல, தெரியாம இருக்குமா? அந்தக் கேள்வி போட்டதும் நீங்கதான்னு அன்னைக்கே தெரியும். நாங்க பொண்ணு பாத்தது ஒரே எடம். அந்தப் பொண்ணோட தாய்மாமன விட்டா வேற யாரு கேக்கப் போறா?"

ஊரே எட்டிப் பார்க்கிற ஜன்னலில் நின்றுகொண்டு முகத்தை மட்டும் துண்டால் மூடியிருக்கிறேன். இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? சரி, தெரிந்துவிட்டது. கேட்டுவிட்டேன்: "அப்ப ஏங்க யாரும் பதில் போடல?"

"நான்தான் போட வேணாம்னேன்" என்றார், தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "குரூப்புல இருக்கிறவங்க முக்காவாசிப் பேரு இங்கிட்டுத்தான் சாப்புட வருவாங்க. 'அண்ணே, நல்லதா எழுதவா?'ன்னு அன்னைக்கு வரிசையா வந்து கேட்டாங்க. எழுதிட்டா நீங்க என்ன நெனப்பீங்க? இந்த ஆளு சொல்லி எழுத வச்சிருக்கான்னு நெனப்பீங்க. சந்தேகம்னா நேர்ல வரட்டும்னு விட்டுட்டேன்."

அப்படித்தான் நினைத்திருப்பேன். அந்த மனிதர் என்னை என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தார்.

"உங்கள மட்டும் சொல்லிக் குத்தமில்லீங்க" என்று அவரே தொடர்ந்தார். "ஆலங்குடி குரூப்புல நானும் கேட்டேன். பேரு போடாமத்தான்."

அவர் கேட்டது எங்கள் குடும்பத்தைப் பற்றி. பதில் மழையாகக் கொட்டியிருக்கிறது. சரண்யாவிடம் படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், தேங்காய் வியாபாரிகள், பக்கத்துத் தோப்புக்காரர்கள் என்று எல்லாரும் வந்து, அந்தப் பெண் தங்கம், அந்த அம்மா மாதிரி மனுஷி உண்டா என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

"சந்தோஷம்தானே?" என்றேன்.

"பயமாப் போச்சுங்க. இத்தனை பேரு ஒரே வாயாச் சொன்னா சந்தேகம் வராதா? காசு குடுத்து எழுத வச்சிருப்பாங்களோன்னு வீட்டுல ராத்திரிச் சோறு எறங்கல. விட்றலாம்னு கூட பேச்சு வந்துருச்சு. அப்புறம் ஒருத்தங்க எழுதுனதப் பாத்தப்புறந்தான் மனசு தெளிஞ்சுச்சு."

போனை எடுத்துக் காட்டினார். எழுதியவர் ஃபோட்டோ இல்லை. அந்த இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ. அதன் கீழே இப்படி இருந்தது:

"பெண்ணும் அம்மாவும் தங்கமானவர்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தாய்மாமன் மட்டும் சந்தேகப் பிராணி. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுவார். நல்ல மனிதர்தான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்."

"பாத்தீங்களா?" என்றார் சுப்பையா. "கொறை சொல்ற ஆளு நீங்க சொல்லி வச்ச ஆளா இருக்க முடியாதுல்ல? அந்த ஆளே பொண்ணு தங்கம்னு சொன்னா நம்பலாம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். இனிமே நீங்கதான் சொல்லணும்."

ஊர் பேசாமல் இருந்ததைப் பார்த்து நான் பயந்தேன், ஊர் பேசியதைப் பார்த்து அவர் பயந்தார். இரண்டு பேரும் பெற்ற பிள்ளைக்காகத்தான் பயந்தோம் — சரண்யாவை நான் பெறவில்லை என்றாலும். அங்கேயே செல்விக்குப் போன் போட்டு, பூ வைக்க நாள் பார்க்கச் சொன்னேன். போனை யாரோ பிடுங்கினார்கள். "தேங்க்ஸ் மாமா" என்று ஒரு குரல். அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய் நானும் முகத்தைக் கழுவிக்கொண்டேன். தோசைக்குச் சுப்பையா காசு வாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூ வைத்தாயிற்று. கார்த்தியிடம் வேலை பார்க்கிற கம்பெனி கார்டை வாங்கிப் பார்த்தேன். சும்மாதான்.

ஆனால் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. குரூப்பில் நாம் பார்த்தேயிராத யாரோ ஒருவர் நம்மைப் பற்றி எழுதுகிறார் என்று நினைக்கிறோம். நிஜமாகவே பார்த்தேயிராதவரா? நான் சிலிண்டரை எடை போடுவது ஆலங்குடிக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? தராசை நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அல்லவா மாட்டி வைத்திருக்கிறேன்? தவிர, அந்தச் செம்பருத்தி... எங்கள் வீட்டு வாசலில் ஒரு செடி இருக்கிறது. அதே நிறம்.

நேற்று மல்லிகாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "ஆலங்குடி குரூப்புல எழுதுனது நீதானே?"

அவள் மேலே ஃபேனைப் பார்த்தாள்.

"டீ சாப்பிடுறீங்களா?" என்றாள்.